நீலம் இருந்த இடம்

கடந்த வருடம் தவணைப் பரீட்சை நெருங்கியபோது எனக்கு ஒரு கைக்கடிகாரம் தேவைப்பட்டது. பரீட்சை மண்டபத்துக்குள் தொலைபேசி கொண்டு போக முடியாது. சுவரில் மாட்டியிருக்கும் மணிக்கூடு எப்போதும் என் முதுகுக்குப் பின்னால்தான் இருக்கும். புதிதாக ஒன்று வாங்குவதற்கு முன், வீட்டு அலுமாரியில் பல வருடங்களாகக் கிடக்கும் மூத்தாப்பாவின் ராடோவைத் திருத்திப் பார்க்கலாமே என்று தோன்றியது.

வாப்பாவிடம் கேட்டேன். "அது வேணாம் மகள். புதுசா ஒண்டு வாங்கித் தாறன்" என்றார்.

வாப்பா எதையும் வீணாக்காதவர். உடைந்த குடையைக் கூட கம்பி மாற்றிப் பாவிப்பவர். அவரே தன் வாப்பாவின் கைக்கடிகாரத்தை வேண்டாம் என்றது எனக்கு விளங்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "அது மூத்தாப்பாட மணிக்கூடே இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார்.

மீதிக் கதையை வாப்பும்மாதான் சொன்னார்.

மூத்தாப்பா 1979இல் சாரதி வேலைக்காக ஜித்தாவுக்குப் போனார். 11 வருடங்கள் அங்கே இருந்தார். 1981இல் முதல் விடுமுறைக்கு வந்தபோது அவர் கையில் அந்த ராடோ இருந்ததாம். கடைக்காரர் முதலில் தங்க நிறத்தில் ஒன்றை எடுத்துக் காட்டியிருக்கிறார். ஆண்களுக்குத் தங்கம் மார்க்கத்தில் ஆகுமானதல்ல. அது வெறும் நிறம்தான் என்று கடைக்காரர் சொன்னபோதும், "பார்க்கிறவன் தங்கம் எண்டுதானே நினைப்பான்" என்று மறுத்துவிட்டு, சாம்பல் உலோகத்தில் நீல முகப்பு வைத்த ஒன்றைத் தெரிவு செய்தாராம். அப்போது வாப்பாவுக்கு ஏழு வயது. மூத்தாப்பாவின் மடியில் ஏறியிருந்து அந்த நீலத்தையே பார்த்துக்கொண்டிருப்பாராம்.

தொண்ணூறுகளில் அந்த மணிக்கூடு நின்றுபோனது. கண்ணாடியின் உட்பக்கம் மங்கி, முகப்பே சரியாகத் தெரியாமல் அலுமாரிக்குள் போனது. 2003இல் சாச்சா அதைக் கொழும்புக்குக் கொண்டுபோய்த் திருத்திக் கொண்டுவந்தார். கண்ணாடியைத் துடைத்துச் சுத்தமாக்கியிருந்தார்கள். வாப்பா வாங்கிப் பார்த்தார். முகப்பு நீலமாக இல்லை. தவிட்டு நிறமாக, ஓரத்தில் இலேசான ஊதா படர்ந்து, வேறொரு மணிக்கூடு போல இருந்தது. அதே வருடம்தான் சாச்சா தன் கடைக்கு முற்பணம் கட்டியிருந்தார்.

வாப்பா ஒன்றும் கேட்கவில்லை. சாச்சாவும் ஒன்றும் சொல்லவில்லை. மூத்தாப்பாவுக்கு அப்போது கண்ணில் வெண்படலம். நிறம் பிரித்துச் சொல்லும் நிலையில் அவர் இல்லை. ஓடுகிறது என்பதே அவருக்குச் சந்தோசம். சில வருடங்களில் அது மறுபடியும் நின்றது. 2016இல் மூத்தாப்பா வபாத்தானார். அதற்குப் பிறகும் பெருநாளைக்குச் சாச்சா வருவார். எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடுவோம். ஆனால் யாராவது மூத்தாப்பாவின் மணிக்கூட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் வாப்பா எழுந்து போய்விடுவார். அதன் காரணம் எனக்கு அன்றுதான் விளங்கியது.

1981ஆம் ஆண்டு ஸ்டூடியோவில் எடுத்த படம் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. மூத்தாப்பா நாற்காலியில், வாப்பா அவர் மடியில். மணிக்கூடும் தெரிகிறது. அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பயனில்லை. படமே சிவந்துபோயிருந்தது. வாப்பும்மா பச்சை என்று சொல்லும் திரைச்சீலை அதில் செங்கல் நிறத்தில் தெரிந்தது. சாட்சி சொல்ல வேண்டிய படத்தின் நிறமும் மாறிவிட்டது. அப்போதுதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. படத்தின் நிறம் மாறுமென்றால் மணிக்கூட்டின் நிறம் மாறாதா?

அதிலிருந்து கிடைத்த இடத்திலெல்லாம் இதைப் பற்றித் தேடி வாசித்தேன்.

ராடோவைச் செய்தவர்கள் சுவிட்சர்லாந்தின் லெங்னாவ் என்ற ஊரில் 1917இல் தொழில் தொடங்கியவர்கள். 1962இல் அவர்கள் வெளியிட்ட மாதிரிதான் டயாஸ்டார். எங்கள் பகுதியில் சவூதி போய் வந்த பலரின் கையில் இருந்த, வட்டமும் இல்லாமல் சதுரமும் இல்லாமல் அகன்றிருக்கும் அந்த மணிக்கூடு. அதன் வெளிக்கூடு தங்குதன் காபைட்டு என்ற கடின உலோகம். கண்ணாடி செயற்கை நீலக்கல். கீறல் விழாத கைக்கடிகாரம் என்பதுதான் அதன் பெருமை. முகப்பின் மேற்பகுதியில் ஒரு சின்ன நங்கூரம் இருக்கும். கையை அசைத்தால் அதுவும் ஆடும். ஆடாமல் நின்றுவிட்டால் உள்ளே எண்ணெய் காய்ந்துவிட்டது, சுத்தம் செய்ய வேண்டும் என்று அர்த்தம்.

கூடு அப்படியே இருக்க, முகப்பின் நிறம் மட்டும் தலைமுறைக்குத் தலைமுறை மாறி வந்திருக்கிறது. வெள்ளி, தங்கம், பச்சை, நீலம் என்றும், நடுவில் வெளிச்சமாகத் தொடங்கி ஓரத்தில் இருண்டு போகும் நிறங்களிலும் டயாஸ்டார்கள் வந்தன. 2022இல் அதன் 60 ஆண்டு நிறைவோடு வந்த புதிய வரிசையிலும் நீலமும் பச்சையும் உண்டு. மற்ற நிறுவனங்களும் இப்படித்தான். ரோலெக்ஸின் சப்மரினர் 1953இல் கறுப்பு முகப்போடு பிறந்தது. அதன் 50ஆம் ஆண்டுக்காக 2003இல் சுற்று வளையத்தை மட்டும் பச்சையாக்கினார்கள். 2010இல் முகப்பையும் பச்சையாக்கினார்கள். 2020இல் முகப்பு மறுபடியும் கறுப்பானது. வளையம் பச்சையாகவே இருந்தது. ஒரே மாதிரி மணிக்கூட்டை நிறத்தைப் பார்த்தே எந்தக் காலத்தது என்று சொல்லிவிடுகிறார்கள்.

இவை செய்தவர்கள் விரும்பி மாற்றிய நிறங்கள். யாரும் விரும்பாமல் மாறிய நிறங்களும் இருக்கின்றன என்பதுதான் எனக்குத் தேவைப்பட்ட செய்தி. 1950களிலும் 60களிலும் வந்த சில கறுப்பு முகப்புகள் வெயிலிலும் ஈரத்திலும் இருந்து கபில நிறமாகிவிட்டன. வெப்ப நாடுகளில் பாவித்தவற்றில் இதை அதிகம் கண்டதால் அவற்றுக்கு 'வெப்பமண்டல முகப்பு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். 1980களில் வந்த சப்மரினர்களில் சில நீல முகப்புகள் ஊதாவாக மாறியிருக்கின்றன. 1990களின் நடுப்பகுதியில் வந்த டேட்டோனா என்ற மாதிரியில், பூசிய வார்னிசு போதிய பாதுகாப்புத் தராததால், உள்வட்டங்களின் வெள்ளி விளிம்புகள் கபில நிறமாகிவிட்டன. இப்படி நிறம் மாறியவற்றை இன்று மாறாதவற்றை விட அதிக விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

இதற்குக் காரணம் மாயம் ஒன்றுமில்லை. முகப்பு என்பது பெரும்பாலும் ஒரு மெல்லிய பித்தளைத் தகடு. அதன்மேல் நிறம், நிறத்தின்மேல் ஒளி ஊடுருவும் ஒரு பூச்சு. சூரிய ஒளியில் உள்ள ஊதா கடந்த கதிர் நிறப்பொருளைச் சிறிது சிறிதாக உடைக்கும். மேற்பூச்சு மஞ்சளாகும். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் இன்னும் வேகமாக நடக்கும். கீறல் விழாத கூடும் கண்ணாடியும் வெளியிலிருந்து வரும் அடியைத் தடுக்கும். வெளிச்சத்தைத் தடுக்காது. தடுத்தால் நேரம் பார்க்க முடியாதே.

இதையெல்லாம் வாப்பாவிடம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "பழைய முகப்பைக் கழட்டி எடுத்துட்டு வேற ஒண்டைப் போடுற ஆக்களும் இருக்காங்க மகள்" என்றார். அதுவும் உண்மைதான். பழைய முகப்பைச் சுரண்டிப் புது நிறம் பூசி, பெயரை மறுபடி அச்சடித்து, பழையது போலவே விற்கும் தொழில் மும்பையில் பெரிதாக நடக்கிறது. நான் வாசித்ததில் அதுவும் இருந்தது. அதை மட்டும் நான் வாப்பாவிடம் சொல்லாமல் விட்டிருந்தேன். எனக்கு வெட்கமாகிவிட்டது.

வாசித்து முடிவு காண முடியாது, திறந்துதான் பார்க்க வேண்டும் என்று விளங்கியது. உம்மாவோடு பலாங்கொடை டவுனில் மணிக்கூடு திருத்தும் ஒரு முதியவரிடம் போனேன். சிங்களத்தில் எல்லோரும் அவரை 'ஒரலோசு பாஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் மணிக்கூட்டைச் சாய்த்துப் பார்த்தார். நங்கூரம் அசையவில்லை. "எண்ணெய் காய்ந்திருக்கிறது, வேறு ஒன்றுமிருக்காது" என்றார். பிறகு பின்மூடியைக் கழற்றி, இயந்திரத்தை முகப்போடு சேர்த்து வெளியே எடுத்து ஒரு வெள்ளைத் தாளில் வைத்தார்.

முகப்பு வெளியே வந்ததும் எனக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. அதே தவிட்டு நிறம். பாஸ்தான் சிறு இடுக்கியின் நுனியால் ஓரத்தைக் காட்டினார். கூட்டின் உள்விளிம்பு முகப்பின் ஓரத்தை மூடிப் பிடித்திருந்த இடம் அது. நகத்தின் நுனியளவு அகலம்கூட இல்லை. மூடியிருந்ததால் வெயில் படாத அந்த மெல்லிய வளையம் முழுவதும் நீலமாக இருந்தது.

உம்மா உடனே வாப்பாவுக்குத் தொலைபேசி எடுத்தார்.

வாப்பா கல் வியாபாரம் செய்பவர். கல் பார்க்கும் பத்து மடங்கு லென்ஸ் எப்போதும் அவரது சட்டைப்பையில் இருக்கும். வந்தவர் ஒன்றும் பேசாமல் அதைக் கண்ணில் வைத்துக்கொண்டு குனிந்தார். நெடுநேரம் பார்த்தார். அச்சு எழுத்துகளைப் பார்த்தார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். மறுபடியும் அந்த ஓரத்தைப் பார்த்தார்.

எங்கள் ஊரில் நீலக்கல் பார்ப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கல்லின் முகத்தைப் பார்த்து மயங்க மாட்டார்கள். பக்கவாட்டில் திருப்பி நிறம் எந்த இடத்தில் இருக்கிறது என்று தேடுவார்கள். இலங்கை நீலக்கற்கள் பலவற்றில் நிறம் எல்லா இடத்திலும் ஒரே அளவாகப் பரவியிருக்காது. அடியில் ஒரு பொட்டு நீலம்தான் இருக்கும். வெட்டுபவர் அந்தப் பொட்டைக் கூரில் வரும்படி வைத்து வெட்டினால் மேலே இருந்து பார்க்கும்போது முழுக் கல்லும் நீலமாகத் தெரியும். "நிறம் எங்க இருக்கு எண்டு பார்க்கோணும்" என்று வாப்பா எனக்குச் சிறு வயதிலேயே சொல்லித் தந்திருக்கிறார். இருபத்தொரு வருடங்களாக அந்த மணிக்கூட்டை மட்டும் அவர் அப்படிப் பார்க்கவில்லை.

லென்ஸை மடித்து வைத்துவிட்டு வாப்பா கேட்டார்: "சவூதியில ட்ரைவர் எந்தப் பக்கம் மகள் இருப்பார்?"

அங்கே வாகனம் வீதியின் வலப்பக்கத்தால் ஓடும். ஆகவே சாரதி இருப்பது இடப்பக்கம். மணிக்கூடு கட்டிய இடக்கை யன்னல் பக்கம். ஜித்தாவின் வெயிலில் 11 வருடங்கள் அந்தக் கை யன்னல் ஓரத்தில் இருந்திருக்கிறது. அதற்குப் பிறகு ஊருக்கு வந்து எங்கள் மழையும் பனிமூட்டமும். மாற்றம் ஒரே நாளில் நடக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக நடந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. வாப்பாவின் மனதில் மட்டும் ஏழு வயதில் பார்த்த நீலம் அப்படியே இருந்துவிட்டது.

பாஸ் ஒரு யோசனை சொன்னார். விரும்பினால் முகப்பை அனுப்பிப் பழையபடி நீலம் பூசி எடுக்கலாமாம். உண்மையைச் சொன்னால் எனக்கு ஆசையாக இருந்தது. வாப்பா ஏழு வயதில் பார்த்த நிறத்தை நானும் பார்க்கலாமே! வாப்பா வேண்டாம் என்றார். "இது அவர் வெயில்ல நிண்ட நிறம். இதை ஏன் அழிக்கோணும்?"

அன்றிரவு நான் அவரிடம் ஒன்று கேட்டேன். "நீங்க விக்கிற கல்லும் சூடு காட்டி நிறம் மாத்தினதுதானே வாப்பா? அது சரியெண்டா இது ஏன் பிழை?"

கெவுடா என்பது பால் போல மங்கிய கல். முன்பு அதற்குப் பெரிய விலை இருக்கவில்லை. 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் அதை இங்கிருந்து வாங்கிக்கொண்டுபோய், மிக உயர்ந்த வெப்பத்தில் சூடாக்கி நல்ல நீலமாக்கினார்கள். பிறகு நம்மவர்களும் கற்றுக்கொண்டார்கள். உயர்தர இரசாயனவியல் படிக்கும் தங்கைகளுக்கு இது சுலபமாக விளங்கும். கல் என்பது அலுமினியம் ஒட்சைட்டு. சுத்தமாக இருந்தால் நிறமே இல்லை. சிறிதளவு குரோமியம் சேர்ந்தால் சிவப்பு, அதுதான் கெம்பு. இரும்பும் தைத்தேனியமும் சேர்ந்தால் நீலம். கெவுடாவுக்குள் நூல் நூலாகக் கிடக்கும் தைத்தேனியம் வெப்பத்தில் கரைந்து கல்லோடு கலக்கும்போது, பால் நிறம் போய் நீலம் வருகிறது. மூத்தாப்பாவின் மணிக்கூட்டுக் கண்ணாடியும் இதே அலுமினியம் ஒட்சைட்டுதான். நிறம் சேராத, மனிதன் உருவாக்கிய கல்.

வாப்பா சொன்ன பதில் இது: "சூடு காட்டுறது பிழையில்ல மகள். சூடு காட்டின கல்லை, காட்டாத கல் எண்டு சொல்லி விக்கிறதுதான் பிழை. வாங்குறவனுக்குத் தெரிஞ்சா அது வியாபாரம். தெரியாட்டி அது களவு."

சந்தையில் தானியக் குவியல் ஒன்றுக்குள் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரமாக இருந்ததையும், அந்த ஈரமானதை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாமே என்று விற்பவரிடம் கேட்டதையும் நாங்கள் எல்லோரும் இஸ்லாம் பாடத்தில் படித்திருக்கிறோம். நான் அதை வியாபாரிகளுக்கான பாடம் என்றே இதுவரை நினைத்திருந்தேன். ஆனால் எங்கள் வீட்டில் ஈரத்தைக் குவியலுக்குள் மறைத்து வைத்திருந்தவர் வியாபாரம் செய்த சாச்சா அல்ல. மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு வெளியே காட்டாமல் 21 வருடங்கள் பெருநாள் சோறு பரிமாறிய வாப்பாதான். ஊகங்களில் அதிகமானவற்றைத் தவிர்ந்துகொள்ளும்படி ஸூரத்துல் ஹுஜுராத்தில் அல்லாஹ் எச்சரித்திருப்பதும் இந்தக் காரணத்துக்காகத்தான் இருக்க வேண்டும். ஊகம் ஒரு தரம் மனதில் நிறம் பூசிவிட்டால், அதன் அடியில் என்ன இருக்கிறது என்று நாம் பார்ப்பதே இல்லை. இதை எழுத வாப்பாவிடம் அனுமதி கேட்டேன். "எழுதுங்க. எனக்கும் அது பாடம்தானே" என்றார்.

இஷாவுக்குப் பிறகு வாப்பா சாச்சாவுக்குத் தொலைபேசி எடுத்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"தம்பி, வாப்பாட மணிக்கூட்டைத் திறந்து பார்த்தன். அது அவர்ட முகப்புத்தான். நான் உங்களைப் பத்திப் பிழையா நினைச்சிட்டன். மாப்புத் தாங்க."

அந்தப் பக்கம் சற்று நேரம் சத்தமில்லை. பிறகு சாச்சாவின் குரல் கேட்டது. "எனக்குத் தெரியும் நானா. நீங்க கேட்டாச் சொல்லுவோம் எண்டுதான் இருந்தன். நீங்க கேக்கவே இல்லியே."

வாப்பா தொலைபேசியை வைத்துவிட்டு வெளி விறாந்தையில் போய் நெடுநேரம் இருந்தார். வாப்பும்மா எழுந்து போய் அவர் பக்கத்தில் இருந்துகொண்டார். இருவரும் எதுவும் பேசவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாச்சா பிள்ளைகளோடு வந்தார். பெருநாளும் இல்லை, விசேடமும் இல்லை. மணிக்கூட்டைக் கையில் வாங்கிச் சாய்த்துப் பார்த்தார். நங்கூரம் ஆடியது. "வாப்பா இப்படித்தான் ஆட்டி ஆட்டிக் காட்டுவார், ஞாபகமா நானா?" என்றார். வாப்பா சிரித்தார். அந்த மணிக்கூட்டைப் பற்றிய பேச்சில் வாப்பா எழுந்து போகாமல் இருந்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

என் கைக்கு அது மிகப் பெரியது. அதனால் கட்டுவதில்லை. தவணைப் பரீட்சையில் மேசையின் மூலையில் வைத்துக்கொண்டேன். இரசாயனவியல் வினாத்தாளில் தாண்டல் மூலகங்களின் நிறங்கள் பற்றிய பகுதி வந்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேற்பார்வைக்கு வந்த ஆசிரியை என்ன என்பது போலப் பார்த்தார். குனிந்து எழுதத் தொடங்கிவிட்டேன்.

எனக்குப் பிறகு அதைத் தம்பி பாவிப்பான். கண்ணாடியும் கூடும் அப்போதும் கீறல் இல்லாமல்தான் இருக்கும். முகப்பு இன்னும் கொஞ்சம் மாறியிருக்கும். அவனும் ஒரு நாள் இது வேறு மணிக்கூடோ என்று சந்தேகப்படலாம். ஓரத்தைத் திறந்து பார்க்கச் சொல்லி இதை இங்கே எழுதி வைக்கிறேன். அதோடு, பாஸ் சுத்தம் செய்து எண்ணெய் விட்ட பிறகும் அது ஒரு நாளைக்கு நான்கு நிமிடம் பிந்தித்தான் ஓடுகிறது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.